வியாழக்கிழமை விரல்

ஸ்ரான்லி வீதிக் கடையில
தொள்ளாயிரத்துக்கு வந்த கேத்தில்.
சுவிச் நிக்காது,
அமத்திப் பிடிச்சால்தான் கொதிக்கும்.
அதுக்குத்தான் அந்த விலை.

கந்தோரில ஆளுக்கொரு நாள்.
திங்கள் கொன்சலா,
செவ்வாய் கணக்குப் பகுதி ஐங்கரன்,
வியாழன் நான்.

கிணத்துத் தண்ணியின்ர சுண்ணாம்பு
அடியில பொருக்காய் ஏற ஏற
மாதத்துக்கு மாதம்
கொதிக்க இன்னும் கொஞ்சம் நேரமெடுக்குது.
தேசிக்காய் விட்டால் கழரும்.
ஒருத்தரும் விடேல்லை.

இப்ப ஆறு நிமிசம்.
மேசையில ஃபோன் அடிக்குது.
"தண்ணி வைச்சிருக்கிறன், சேர்."
அதுக்கு மேல கேக்கேலாது.
யன்னலுக்கு வெளியால ஒரு ஓட்டோ
ஆறுதலா ரிவேர்ஸ் எடுக்குது.
முழுக்கப் பாத்தன்.

கோப்பிக் காசு போடுற பால்மா ரின்னில
புதுக் கேத்திலுக்குக் காணுமான காசு
சேர்ந்து ரண்டு மாதம்.
எண்ணினது கொன்சலா.
எண்ணிப்போட்டு
இறுக்கி மூடினவ.