மேற்கு எல்லை

முத்திரைத் தாளின் தலைப்பில் ராசாவின் முகம்.
நொத்தாரிசு வாசித்தார்:
வெள்ளெருக்கடி என்னும் தோட்டம், பரப்பு பதினெட்டு.
அதிலுள்ள கல்வீடு, புகைக்குடில், பங்குக் கிணறு,
கிணற்றுத் துலா.
துலாவின் நிழலைத் தவிர எல்லாம் என் பேருக்கு.

அப்பு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்,
தேவாரம் கேட்பதுபோல.
மலையாளத்துக்குப் போன புகையிலைச் சிப்பங்களில்
எத்தனை சுவராயின, எத்தனை கூரையாயின என்று
அவருக்கு மட்டும் தெரியும்.
ஈப்போவில் ரயில் கணக்கெழுதும் மாப்பிள்ளை
மூன்று மாத லீவில் வந்திருந்தார். நல்ல மனுசன்தான்.
தொப்பியை மடியில் வைத்திருந்தார்
பூனையொன்றை வைத்திருப்பதுபோல.

உறுதியைப் பிரதிபண்ணினவன் நீ.
எழுத்தைக் கண்டவுடனே தெரிந்தது.
உன் ழகரத்தின் வால் அடுத்த வரியைத் தொடும்,
மூன்று வருஷமாய்
வேலிக் கிடுகுக்குள் நீ செருகிப்போகும்
துண்டுத் தாள்களில் தொடுவதுபோலவே.
அதே கை
என்னை இன்னொருவருக்கு எழுதியிருந்தது
அடித்தல் திருத்தல் இல்லாமல்.
கோபம் அப்புவில் இல்லை, உன்னில்தான்.
ஒரு சொல்லாவது நடுங்கியிருக்கலாம்.

வடக்கு: கதிரித்தம்பி காணி.
கிழக்கு: வாய்க்கால்.
தெற்கு: பிள்ளையார் கோயில் ஆதனம்.
மேற்கு...
நொத்தாரிசு நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.
மேற்கில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பெடியன் மறந்துபோனான்" என்றார் அம்மான்.
"ஒழுங்கைதானே, போடுங்கோ."

வல்லிபுரநாதா,
பதினெட்டுப் பரப்பில் நீ எனக்கு விட்டுவைத்தது
அந்த அரைவிரல் வெள்ளை.
நீட்டிய பேனாவை வாங்கி
மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பினேன்.
அட்டியலைக் கழற்ற நேரம் எடுத்தது. கொக்கி இறுக்கம்.
அம்மா உதவிக்கு வந்தா
எதற்கென்று தெரியாமல்.

ஒழுங்கை எவர் பேரிலும் இல்லை.
படலையைத் திறந்து அதில் இறங்கினேன்.
பகல் பதினொரு மணி. செருப்பில்லை. மணல் சுட்டது.

இப்போது வண்ணார்பண்ணையில் வாடகை அறை.
கச்சேரி வாசலில் நீ மனு எழுதுகிறாய்,
ஒன்றுக்கு ஐந்து சதம்.
போன கிழமை மண்ணெண்ணெய்க்குச் சண்டைபிடித்தோம்.
விளக்கு அணைந்தபிறகு கேட்டேன்:
அன்றைக்கு மேற்கை மறந்தாயா, விட்டாயா?
நித்திரைபோலக் கிடந்தாய்.

நேற்று அப்புவின் வண்டில் தெருவால் வந்தது.
மாடுகள் என்னைக் கண்டு நின்றுவிட்டன.
அவர் பேசவில்லை.
மாடுகளை அடிக்கவும் இல்லை.