இடது கை, இரண்டு கோணம்

டோக்கன் நாற்பத்தேழு.
பெயரை வாசிக்க எனக்கு மூன்று மூச்சு ஆனது:
எனெகோ லார்ரசாபல் இத்துர்பே.
வயது நாற்பத்திமூன்று. காக்ஸ் டவுன், மார்க்கெட்டுக்குப் பின்தெரு.
தொழில் என்ற கட்டத்தில்
எதையோ எழுதி, அடித்து,
மறுபடி எழுதி
அதையும் அடித்திருந்தார்.

வாட்சைக் கழற்றச் சொன்னேன்.
தகட்டின் மேல் கையை விரித்தார்.
மேசை சிறிதாகிவிட்டது.

"அசையாதீங்க."
சிரித்தார்.
"அசையாமல் இருக்கத்தான் மேடம்
பதினோரு வருஷம் சம்பளம் வாங்கினேன்."
ஆங்கிலம்தான், நடுநடுவே
ஸ்வல்ப ஸ்வல்ப கன்னடம்.

திரையில் எலும்பு வந்தது.
முடிவு சொல்ல எனக்கு அதிகாரமில்லை,
டாக்டர் சொல்வார்.
அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று
தானே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சுண்டுவிரல்:
பத்தொன்பது வயது, மூன்றாம் டிவிஷன்,
மழை நிற்காத ஏதோ துறைமுக ஊர்.
"கோல்போஸ்ட் என்னைவிடக் கெட்டி."

மோதிர விரல்:
வார்ம்-அப்பில் போனது.
ஆட்டமே தொடங்கவில்லை.
அடுத்த நாள் பேப்பரில் ஒரு வரி,
அதிலும் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.

பிறகு பெஞ்ச். கிளப் மாறும், பெஞ்ச் மாறாது.
கையுறையை ஈரமாக்கி, காயவிட்டு,
ஈரமாக்கி, காயவிட்டு,
இன்னொருவன் முழங்கால் நன்றாக இருக்கவேண்டும் என்று
நிஜமாகவே வேண்டிக்கொண்டு,
வேண்டியதை நம்பாமல்.

நடுவிரலுக்கு வந்ததும் குரல் இறங்கியது.
முதல் டிவிஷன். அறுபத்திமூன்றாவது நிமிடம்.
கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை.
உடம்பு சூடாகாத இவரை இறக்கினார்கள்,
இறங்கியதும் பெனால்டி.
"தொட்டேன்" என்றார்.
கொஞ்சம் விட்டு, மறுபடி, "தொட்டேன்."
பந்து உள்ளேதான் போயிற்று.
ஸ்கோர் அட்டையில் அது கோல்.
தொட்டது
இந்த ஓர் எலும்பில் மட்டும் இருக்கிறது,
இரண்டு மில்லிமீட்டர் கோணலாக.

மொத்தம் பதினேழு வருஷம். ஆறு கிளப்.
முதல் டிவிஷனில் இருபத்தேழு நிமிடம்.

கட்டைவிரல் நம்ம ஊர்:
கடைசி சீசன், அசோக்நகர் ஸ்டேடியம்.
ஓய்வை அறிவிக்க மைக் யாரும் நீட்டவில்லை.
வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.
"அப்போ வாடகை?" என்று கேட்டாராம் அவர்.

"இன்னைக்கு என்ன ஆச்சு?"
மணிக்கட்டைக் காட்டினார்.
வீலர் ரோடு நடைபாதை, கல் ஒன்று ஆடியது.
விழத் தெரிந்த மனிதர், இடப்பக்கம் விழுந்தார்;
வலக்கையில் முட்டைத் தட்டு.
முப்பது முட்டை.

"எத்தனை உடைஞ்சுது?"
"இரண்டு."
அந்த ஒரு சொல்லை மட்டும்
நிமிர்ந்து நின்று சொன்னார்.

ரசீதை நீட்டினேன்.
ரசீதைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார்,
முனையில் வளைந்து நேராகாத சுண்டுவிரலை.
"இடப்பக்கம், தாழ்வாக, ஈரப் பந்து" என்றார்.
"கோல்கீப்பர்?"
"கதவு" என்றேன்.

கதவில்லை.
கௌதம்புரா மைதானம், ஆள் குறைந்தால்
கோலுக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.
நெட் கிடையாது.
விட்ட பந்து சாக்கடைக்குப் போகும்,
விட்டவள்தான் எடுத்துக் கழுவவேண்டும்.
அதனால் அதிகம் விடமாட்டேன்.
பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு நின்றது.
யாரும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.
அதை ஓய்வு என்று சொல்லலாமென்று
எனக்கு இதுவரை தோன்றியதில்லை.

அவர் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு,
முட்டைத் தட்டை வெளி பெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டு
டாக்டர் அறைக்குப் போனார்.

தொழில் கட்டம் காலியாக இருந்தால்
கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது.
மாணவர், இல்லத்தரசி, தனியார், ஓய்வு, இதர.
"இதர"வைத் தட்டினேன்.

டோக்கன் நாற்பத்தெட்டு.
நாணயம் விழுங்கிய குழந்தை, அழுகிற அப்பா.
படத்தை மாற்ற இரண்டு நொடி தாமதித்தேன்.
இருட்டில்
ஐந்து விரலும் விரித்து
அந்தக் கை நின்றுகொண்டிருந்தது,
என் பக்கம் எதுவும் வந்துவிடாதபடி.