மழை பெய்தால் கேட்கும்

ஏழு மெகாஹெர்ட்ஸில் மீட்டர் முள்
ஒன்பதில் ஏறி
அங்கேயே குடியிருக்கிறது.
காய்ந்த எண்ணெயில் ஈரக்கை உதறியது போல
ஒரே பொரிச்சல்.
வினாடிக்கு நூறு முறை.
திரையில் பார்த்தால் சீப்புப் பல்,
ஒன்றுகூட உடையாத சீப்பு.

என் நோட்டில் இப்படி இருக்கிறது:
மூன்றாம் தேதி. மேல்காற்று. இரைச்சல்.
ஒன்பது. காற்று. இரைச்சல்.
பதினேழு. இரவு பத்து மணிக்குத் தூறல்.
அமைதி.

அந்தத் தூறலில்தான்
அசோர்ஸ் தீவுக்காரர் ஒருவர்
தன் பசு கன்று போட்டதைச் சொன்னார்.
பெயர் கேட்டேன்.
இரண்டாம் எழுத்தில்
கம்பி காய்ந்துவிட்டது.

சுபுத் பள்ளத்தாக்கில்
வருடத்துக்கு ஒரு சாண் மழை.
அதை நம்பி யாரோடு பேச?

மின் கூட்டுறவுச் சங்கத்தில் முதல் கேள்வி:
"உங்கள் வீட்டிலேயே இருக்கலாமே, செனோரா இர்மா?"
நியாயம்தான்.
மெயினை இறக்கினேன்.
ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கலோடு அடங்கியது.
மீன்தொட்டியில் குமிழி நின்றது.
லாரி பேட்டரியில் ரேடியோவைக் கட்டி
இருட்டில் முள்ளைப் பார்த்தேன்.
அசையவில்லை.
குற்றம் என்னுடையதில்லை என்பதில்
இவ்வளவு அற்ப சந்தோஷமா!

பிறகு பழைய ரெனோ காரில்
சரளைச் சாலை நெடுக ஊர்ந்தேன்.
கார் ரேடியோவுக்கு
எல்லாக் கம்பமும் குற்றவாளி.
சத்தம் பிறந்த இடத்தில் நிற்பதில்லை,
கம்பி பிடித்து நடந்து
அடுத்த ஊர்வரை போய்ப் புறம்பேசுகிறது.
அலைவரிசையை உயர்த்த உயர்த்தத்தான்
பொய் குறையும்.
துடைப்பக் கட்டையில்
ஐந்து அலுமினியக் கம்பி கட்டி
துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு நடந்தேன்.
போவனின் ஆடுகள் மேய்வதை நிறுத்திப் பார்த்தன.

நாற்பத்தொன்று.
தார் பூசிய மரக்கம்பம், கொஞ்சம் சாய்ந்தது.
எட்டி ஓர் உதை விடக் கால் துடித்தது.
விடவில்லை.
மேலே பதின்மூன்றாயிரம் வோல்ட்
யாருடைய கோபத்தையும் விசாரிக்காது.

கிலாகேயோ வந்தது பதினோராவது கடிதத்துக்கு.
வாளி லாரியில் ஏறினார்,
காற்று அவர் சட்டையைப் பலூனாக்கியது.
இறங்கி வந்து,
என் மாத்தே குவளையை வாங்கிக்கொண்டு சொன்னார்:
"பீங்கான் நன்றாகத்தான் இருக்கிறது.
கம்பி தொய்ந்துபோச்சு.
பாரம் இருந்தால் கொக்கியும் வளையமும்
ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும்.
இங்கே பாரம் பற்றவில்லை.
நடுவில் துரு. மயிரிழை இடைவெளி.
அதில்தான் பொறி."

இவ்வளவுதானா என்றேன்.
"இவ்வளவுதான்."
முழுக்க உறிஞ்சிவிட்டுக்
குவளையைத் திருப்பித் தந்தார்.

இழுத்துக் கட்டினார்கள்.
அன்றிரவு முள்
ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு விழுந்தது.
காதுக்குள் ஒரு பெரிய அறை திறந்த மாதிரி.
மூச்சை அடக்கிக்கொண்டு
குமிழைத் திருகினேன்,
அசோர்ஸுக்காக.

டக்.

டக்.

வினாடிக்கு ஒன்று.
மிகச் சன்னமாக, மிக ஒழுங்காக.
இத்தனை மாதமும் அந்தப் பொரிச்சலின் அடியில்
சமர்த்தாக உட்கார்ந்திருந்திருக்கிறது
போவனின் மின்வேலி.

நோட்டில் புதுப் பக்கம் புரட்டினேன்.
தேதி எழுதினேன்.
காற்று, மேற்கு.
நாளைக் காலை போவன் வீட்டுக் கதவைத் தட்டும்போது
கையில் துடைப்பக் கட்டை வேண்டாம்.
கேக் கொண்டுபோகலாம்.