சொத்து எண் 0417

ஜூன் ஐந்தாம் தேதி
சோல்வெய்க் தன் குரலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கடிதத்தில் அப்படி இல்லை. கடிதத்தில்,
"பள்ளிக்குச் சொந்தமான கருவி, உறை, மின்னூட்டி,
நல்ல நிலையில்."

மொன்டானாவின் வடக்கில் கோதுமையும் சரக்கு ரயிலும் தவிர
கண்ணுக்குத் தடுப்பேதும் இல்லை.
அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே
அறுபது மைல், எண்பது மைல், ஒரு தடவை நூற்றிருபது.
ஒருங்கிணைப்பாளர் என்று என் கதவில் எழுதியிருக்கிறது.
காரோட்டி என்று எழுதியிருந்தாலும்
பொய்யாகியிருக்காது.

பள்ளி சொன்னது: படிப்பு முடிந்தால் எங்கள் கடமை முடிந்தது.
வேலைவாய்ப்புத் துறை சொன்னது: வேலை கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம்.
மருத்துவக் காப்பீடு சொன்னது:
அவளிடம்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே.
மூன்றும் விதிப்படி சரி.
மூன்று சரிகளுக்கு நடுவே
ஒரு பெண் பேச்சற்றுப் போக
தாராளமாக இடம் இருந்தது.

அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள்.
ஆறு வயதிலிருந்து அவள் சேர்த்தவை,
கருவி மாறும்போதெல்லாம் கூடவே குடிபெயர்ந்தவை.
கன்றுக்குட்டிகளின் பெயர்கள்,
அண்ணன் டிர்க்கைத் திட்ட மட்டும் தனிப் பக்கம்,
"என் முன்னால் என்னைப் பற்றிப் பேசாதீர்கள்"
என்பதற்கு ஒரே பொத்தான்.
கண்ணாடி மங்கியிருப்பது அந்த மூலையில்தான்.

மே பதினான்கு. நூலகத்தின் பின்னறை.
மூவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர
பதினோரு வாரம் ஆகியிருந்தது எனக்கு.
ரெஜினா லாஃப்ராம்புவாஸ் கோப்பைத் திறந்து
"பயனாளி..." என்று தொடங்கினார்.
மூலைப் பொத்தான் அழுந்தியது.
ரெஜினா கோப்பை மூடினார். "நீயே சொல்."

ஒரு வாக்கியத்துக்கு நாற்பது நொடி எடுக்கும் அவளுக்கு.
அரசுச் சம்பளம் வாங்கும் நால்வர்
நாற்பது நொடி வாய்மூடி இருப்பது எளிதில்லை.
காப்பீட்டுக் கார்ல் பேனா மூடியைக்
கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

"தானியக் கிடங்கில் எடைச்சீட்டு வேலை.
லாரிக்காரர்களிடம் எடை சொல்ல வேண்டும்.
எதைக் கொண்டு சொல்வேன்?"

ஜன்னலுக்கு வெளியே ரயில் போய்க்கொண்டே இருந்தது.
பள்ளிக் கணக்கர் திருமதி ஹாக்லண்ட்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தேய்மானப் பட்டியலைப் புரட்டினார்.
நான்கு ஆண்டு உழைத்த பொருள்.
இன்றைய மதிப்பு: ஒரு டாலர்.
யார் வாங்குவது? எந்தத் துறை, எந்தத் தலைப்பில்?
ஒரு டாலருக்கு மூன்று படிவம் என்றார் கார்ல்,
விளையாட்டாக இல்லை.

சோல்வெய்க் மேல்சட்டைப் பையைத் தடவினாள்.
விரல்கள் அவளுக்குப் பணிய ஒரு நிமிடம்.
கசங்கிய ஒற்றை நோட்டு,
கூடவே ஒரு கோதுமை மணி, ஒரு சூயிங்கம் தாள்.

ரசீது போட்டார்கள்.
பழுது பார்ப்பது காப்பீடு,
வேலைக்கேற்ப மாற்றுவது ரெஜினாவின் துறை.
ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
அச்சடித்து வருகிறேன் என்று கிளம்பினால்
அடுத்த கூட்டம் செப்டம்பரில்.

இதை வெற்றி என்று அறிக்கையில் எழுதத் தயக்கம்.
மலைப் பக்கம் ஒரு பையன்.
அவனுடைய சக்கர நாற்காலி பள்ளியுடையது.
அது ஒரு டாலருக்கு இறங்க
இன்னும் மூன்று ஆண்டு.
நாளைக்கு அங்கே.

வாசலில், எண் ஒட்டியிருந்த சீட்டை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
பாதி வந்தது. பசை வரவில்லை.
கருவி சொன்னது:
"டிர்க் தாமதம். வழக்கம்போல்."
பிறகு, அந்தத் தனிப் பக்கத்திலிருந்து
சில சொற்கள்.