ஓர் அங்குல எழுத்து

எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அங்குல உயரம் இருக்கவேண்டும்,
இரண்டு மொழிகளில்.
அரைக்கால் அங்குலம் குறைந்தாலும்
டெக்ஸாஸ் சட்டத்துக்கு அது வெறும் தாள்.
லொரெட்டா ஹாஸ்கின்ஸ் விற்பனைக்கு வைத்திருந்த
அளவுகோலைப் பிரித்தே அளந்தாள்.
"யுலாலியோ, ஸ்பானிஷ் சரியா பார்."
ஓர் எழுத்தின் தலைச்சுழி விட்டுப்போயிருந்தது.
மார்க்கரால் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வெர்லின் ஸ்டப்ஸ் வந்தார்,
மாட்டுப்பட்டிக் கதவுக்குக் கீல் மூன்று வேண்டுமென்று.
இடுப்பில் எல்லோரும் பார்க்கத் துப்பாக்கி.
தோலுறை புதிது, நடக்கையில் முனகியது.
கதவடியில் நின்று முழுக்கப் படித்தார்,
தெரியாத மொழியையும் விடாமல்.

"இது என் உரிமை, லொரெட்டா."
"இது என் தரை, வெர்லின்."

இருபது வருஷக் கணக்குநோட்டில்
ஒரு காசு பிசகியதில்லை இருவருக்கும்.
கல்லாவுக்கு அடியில்
இவளுடையதும் ஒன்று இருக்கிறது.
எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

வாசற்படியோடு அவள் தரை முடிகிறது.
அப்பால் கார் நிறுத்துமிடம், வங்கிக்குச் சொந்தம்.
கீல்களைப் பையில் போட்டு
என்னிடம் நீட்டினாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

போனேன்.
தார் இளகிக் காலணியைப் பிடித்து இழுத்தது.
அவர் கை இடுப்புக்குப் போனது.

பர்ஸ்தான்.

அந்த அரை நொடியில்
நான் யாருடைய நிலத்தில் நின்றேன் என்று
எந்த மொழியிலும் எழுதியிருக்கவில்லை.

மீதி ஏழு சென்ட்.
"வைத்துக்கொள்" என்றார்.
திரும்பி வந்து
கல்லாவில் போட்டேன்.