குளிர்ப்பெட்டி எண் நான்கு

சிப்காட் நெடி மூக்கில் ஏறும் குடிகாட்டில்
விருத்தகிரி வீட்டுக் கூடத்தில்
பெட்டியை இறக்கி வைத்தேன்.
ஒரு நாள் வாடகை இரண்டாயிரம், ஏற்றுக்கூலி தனி.
மகன் குவைத்திலிருந்து வந்து சேர
இன்னும் ஒரு ராத்திரி போக வேண்டும்.

கண்ணாடி மூடியதும்
அவர் போன இடத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கியது.

வெள்ளைப் புடவையில் மனைவி.
போன பங்குனியில் தண்ணீரில் மூழ்கி எழுந்து
செந்தாமரையிலிருந்து எஸ்தர் ஆனவர்.
"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம வந்திருந்தா போதுமே"
என்று கண்ணாடியைத் தட்டினார்.
போதகர் அக்கினிக் கடல் என்று சொல்லவில்லை.
குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.
சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அண்ணன் தெய்வசிகாமணிக்கு ஆத்திரம்.
"பதினாறு நாள் காரியத்த ஒழுங்கா செஞ்சா
பசு வாலப் புடிச்சிக்கிட்டு வைதரணியத் தாண்டிடுவான்.
செய்ய வுடலன்னா
அந்தச் சீழ் ஆத்துலயே கெடப்பான்.
பாவம் ஒனக்குத்தாம்மா."

ஹபீப் மரைக்காயர், பரங்கிப்பேட்டை,
இருபது வருஷம் ஒரே ஷிப்ட்.
"மயிரவிட மெல்லிசா ஒரு பாலம் இருக்கு" என்று ஆரம்பித்தவர்
நண்பனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய
துணி முடிச்சைப் பார்த்தார்.
மீதியைச் சொல்லாமல்
எல்லாருக்கும் டீ வாங்கப் போய்விட்டார்.

என் அம்மாவாக இருந்தால்
உத்தரிக்கிற ஸ்தலம் என்றிருப்பாள்.
விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி அது,
வெயில் கொளுத்தும், ஆனால் என்றைக்காவது வண்டி வரும்.

நான் வாயைத் திறக்கவில்லை. வாடகைக்காரன்.
முப்பது வருஷம் பாய்லர் வாயில் நின்ற மனுஷனை
நெருப்பைச் சொல்லி யார் பயமுறுத்துவது
என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் லேபில் வேலை பார்த்த அப்பாண்டைராஜ் நயினார்
பெட்டி மேல் விரலை வைத்து
உடனே எடுத்தார்.
"எங்க கணக்குல நரகம் ஏழு தம்பி.
மேல இருக்கறதுதான் சூடு.
கீழ போகப்போக குளிரு."

பெட்டியின் முள் நான்கில் இருந்தது.

ஒன்று பத்துக்குக் கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், செலவு.
மோட்டார் நின்ற நிசப்தத்தில்
எல்லாரும் ஒரே மாதிரி பெட்டியைப் பார்த்தார்கள்.
போதகர் டார்ச் பிடித்தார்.
தெய்வசிகாமணி துறைமுகத்துக்குப் போன் போட்டார்.
சோனங்குப்பத்து வைரக்கண்ணு
மீன்பாடி வண்டியில் ஆறு பாளம் ஐஸ் கொண்டுவந்தான்.
வைக்கோல் ஒட்டியிருந்தது, சங்கரா வாசனை அடித்தது.
முற்றத்தில் உட்கார்ந்து கட்டையால் உடைத்தபடி
யாரும் கேட்காமலே சொன்னான்:

"ராத்திரி ரெண்டு மணிக்கு
கம்பெனிக்காரன் வால்வத் தொறக்கச் சொல்லுவான்.
இவருதான் தொறப்பாரு.
தொறக்கறதுக்கு முந்தி சைக்கிள்ல வந்து
'இன்னிக்கி உப்பனாத்துல வலை போடாதீங்கடா'ம்பாரு.
நாங்க போட மாட்டோம்.
எதிர்க்கரைக்காரன் போடுவான்.
அவனுங்களுக்கும் சொன்னாரா, தெரியல."

ஐஸ் உடையும் சத்தம் மட்டும்.
எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.
அவருக்கு இது தெரியாது போல.
அல்லது தெரியும் போல.
ஹபீப் மரைக்காயர் வாளியை ஏந்தி ஏந்தி
அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்,
கை சிவந்து மரத்த பிறகும்.
குடியைச் சொன்னவர்கள், கும்பிடாததைச் சொன்னவர்கள்
வால்வைப் பற்றி
ஆளுக்கொரு இடம் வைத்திருக்கவில்லை.

உருகிய தண்ணீர் நிலைப்படி தாண்டி
தெருச்சரிவில் கிழக்கே ஓடியது.
கிழக்கே உப்பனாறு.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது.
பெட்டி ஒரு முறை உலுக்கிக்கொண்டு உறுமியது.
எல்லாரும் அசந்திருந்தார்கள்.
நான் எழுந்துபோய்
முள்ளை நான்கிலிருந்து ஆறுக்குத் திருப்பினேன்.
உடம்புக்கு அது கூடாது.
தொழிலுக்கும் கூடாது.