சீர்வரிசை

வெரோனாவில் மழை. ஓட்டுக் கூரைக்குக் கீழே
பாப்பிரஸ் சுருளை முழங்காலில் விரித்து
என் எஜமான் நொவெல்லியுஸின் காவியத்தைப்
படியெடுக்கிறேன். சின்னக் காவியம்தான்,
நானூற்றுப் பன்னிரண்டு அடி.
அடிக்கு ஆறு சீர். எண்ணியிருக்கிறேன்.

ஆற்றின் மகளை ஒரு படகுத் தச்சன் மணக்கிறான்.
தேவர்கள் வருகிறார்கள், ஈரக் காலோடு.
ஒருவன் மட்டும் வரவில்லை; ஏன் என்று
ஐம்பது அடி.
பிறகு மஞ்சத்துப் போர்வை. அதில் நெய்த
ஒரு நகரம் வெள்ளத்தில் மூழ்குகிறது,
கூரைமேல் ஏறிய ராணி
காக்கைகளிடம் எண்பது அடி பேசுகிறாள்.
நூலால் ஆனவளுக்கு எவ்வளவு வாய்!
எஜமான் போர்வைக்குள் போனால் திரும்ப மாட்டார்.
மை காயும், விளக்கில் எண்ணெய் தீரும்,
வெளியே கல்யாணம் காத்துக் கிடக்கும்.

ஆற்றின் மகள்?
கூந்தலுக்கு ஒன்பது அடி. கணுக்காலுக்கு மூன்று.
பேச்சுக்கு ஒன்றுமில்லை.
இருமுறை தேடினேன், விரல் வைத்து.

எஜமானின் தங்கை கல்யாணத்தில்
இதைப் படிக்கப் போகிறார்கள். அவளுக்குப் பதினான்கு.
மாப்பிள்ளை மாந்துவாவில் கம்பளி வியாபாரி,
முழங்கால் வலிக்காரர், மூன்றாம் தாரமாகக் கேட்டிருக்கிறார்.
நேற்று வந்து நின்றாள்:
"தெலெத்தே, அதில் அவள் என்ன சொல்கிறாள்?"
"இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை" என்றேன்.

சீர்வரிசைப் பட்டியலும் என் கையெழுத்துதான்.
வெள்ளிக் கிண்ணம் எட்டு. தறி ஒன்று.
கோவேறு கழுதை இரண்டு
(ஒன்று நொண்டி; அதை எழுதவேண்டாம் என்றார்கள்).
ஏழாவது வரி:
எழுதத் தெரிந்த பெண், பல் எல்லாம் உண்டு, தெலெத்தே.
என் பெயரின் கடைசி நெடிலை
நானே கொஞ்சம் கூடுதலாக நீட்டினேன்.

அதனால்தானோ என்னவோ,
முந்நூற்று ஒன்பதாம் அடிக்குப் பிறகு,
தச்சன் அவள் கைபிடிக்கும் இடத்தில்,
ஓர் அடி இடம்
வெறுமையாக விட்டேன்.
பிழையைக் கடற்பஞ்சால் துடைக்கலாம்.
எழுதாததை எதைக்கொண்டு துடைப்பார்கள்?

கல்யாணத்தன்று வாசிப்பவன் அங்கே வந்து
நின்றான். திணறினான்.
முற்றத்தில் பையன்கள்
அக்ரூட் கொட்டைக்கு அடித்துக்கொள்ளும் சத்தம்.
ஆறு சீர் நேரம்.

பிறகு கைதட்டினார்கள்.
"என்ன நயம்!" என்றார் மாந்துவாக்காரர்,
முழங்காலைத் தேய்த்தபடி.
எஜமான் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு
தலைகுனிந்து பாராட்டை வாங்கிக்கொண்டார்.

நெருப்பு நிற முக்காட்டுக்குள்
தங்கையின் உதடு அசைந்ததை
நான் மட்டும் பார்த்தேன்.
மாந்துவா போகும் வண்டியில் கேட்டேன், என்ன சொன்னாய்?
"சரியாக ஆறு சீர்" என்றாள், "எண்ணித்தான் சொன்னேன்."
அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

நொண்டிக் கழுதை சேற்றில் நின்றுவிட்டது.
இறங்கித் தள்ளினோம், இருவரும்.